ஒரே கணவாய்க்கு மூன்று உயரங்கள்: வரைபடம், உயரமானி, கைபேசி இவற்றில் எதை நம்புவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இது: தலப்படத்தில், அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடத்தில், 2,460 மீட்டர் என்று குறிக்கப்பட்ட ஒரு கணவாய்க்குப் பிற்பகலில் ஏறிச் சென்றீர்கள். காலை ஒன்பது மணிக்கு 1,940 மீட்டர் உயரத்தில் இருந்த முகாமில் சரிசெய்துகொண்டு போன கைக்கடிகார உயரமானி அங்கே 2,495 காட்டியது. கைபேசியோ 2,410 என்றது. மாலை ஐந்து மணிக்கு முகாமுக்குத் திரும்பியபோது உயரமானி 1,940க்குப் பதிலாக 1,968 காட்டியது. இவற்றில் எது உண்மையான உயரம் என்பது முதல் கேள்வி. வானிலை வரைபடத்தில் வளைந்து செல்லும் கோடுகளையும் தலப்படத்தின் கோடுகளைப் போலவே வாசிக்கலாமா என்பது இரண்டாவது. இரண்டும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: உயரம் என்ற எண்ணை ஒவ்வொரு கருவியும் எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறது, எதைக் கொண்டு அளக்கிறது? நில அளவையில் பயிற்சி பெற்று, மலையேறுவோருக்கு வரைபட வாசிப்பைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் விடை சொல்கிறேன். வானிலை முன்கணிப்பு என் தொழில் அன்று. ஆகவே அந்தப் பகுதியில் மலையில் நடப்பவருக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வரைபடத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் மூன்றில் நிலையானது அதுதான். சராசரி கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு சம உயரக் கோடு. 1:50,000 அளவையில் வரைந்த தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டருக்குச் சமம். அத்தகைய தாள்களில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வேறுபாடு இருப்பது வழக்கம். கோடுகள் நெருங்கினால் சரிவு கடுமை, விலகினால் மென்மை. ஓடை இறங்கும் பள்ளத்தாக்கைக் கடக்கும்போது கோடு கூர்மையாக மடங்கும்; அந்த மடிப்பின் முனை எப்போதும் ஓடை வரும் திசையை, அதாவது மேட்டுப் பக்கத்தைக் காட்டும். முகட்டிலிருந்து கீழிறங்கும் கிளையில் முனை தாழ்வான பக்கத்தைக் காட்டும். இந்த ஒன்றைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டால், எண்களைப் படிக்காமலேயே தாளில் எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்துவிடும்.

ஆனால் வரைபடத்தின் எண்களும் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சிகரத்திலோ கணவாயிலோ புள்ளி வைத்து எழுதப்பட்ட உயரம் அந்த இடத்துக்கென்றே பெறப்பட்டது, அதை நம்பலாம். இரு கோடுகளுக்கு நடுவே நாமாகக் கணித்துக்கொள்ளும் உயரம் அப்படியன்று. அமெரிக்காவின் 1947ஆம் ஆண்டு வரைபடத் துல்லிய விதி, சோதித்துப் பார்க்கும் உயரங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், கோட்டு இடைவெளியின் பாதியைத் தாண்டிய பிழை இருக்கக்கூடாது என்கிறது. அந்த அளவுகோலில் 20 மீட்டர் இடைவெளி கொண்ட ஒரு நல்ல தாளிலும் 10 மீட்டர் தவறு வியப்புக்குரியது அன்று. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 15 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை ஒன்று இரு கோடுகளுக்கு இடையே முழுவதுமாக ஒளிந்துகொள்ள முடியும். தாளில் சாதாரணச் சரிவாகத் தெரியும் இடத்தில் கயிறு இல்லாமல் இறங்க முடியாத விளிம்பு இருக்கலாம். இறங்கும் வழியைத் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உங்கள் கணவாய்க்கோ புள்ளி வைத்து உயரம் தரப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் மூன்று எண்களில் தரையின் உயரத்தைச் சொல்வது 2,460 என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் உயரமானி தவறா? அன்று. அது உயரத்தை அளக்கவே இல்லை. அதனுள் இருப்பது ஒரு காற்றழுத்தமானி. தலைக்கு மேலே உள்ள காற்றின் எடையை அது உணர்கிறது. அந்த எடைக்கு இன்ன உயரம் என்று ஒரு கணக்கு முன்கூட்டியே அதில் பதிந்திருக்கிறது. இந்த எண்ணத்தின் பிறப்பைப் பார்த்தாலே உங்கள் சிக்கலின் பாதி தெளிந்துவிடும். 1640களில் இத்தாலிய அறிவியலாளர் தொரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு காற்றுக்கு எடை உண்டு என்று காட்டினார். அது உண்மையானால் மலைமேல் செல்லச்செல்லப் பாதரசம் இறங்க வேண்டும் என்று எண்ணிய பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கல், தம் சகோதரியின் கணவர் பெரியேவை அதைச் சோதித்துப் பார்க்கும்படி வேண்டினார். 1648 செப்டம்பர் 19ஆம் நாள் பெரியே பிரான்சின் பியூய் தெ தோம் மலைக்குக் குழாயோடு ஏறினார். அடிவாரத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் ஏறியதில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கும் அதிகமாக இறங்கியிருந்தது. அந்தச் சோதனையில் நான் மிகவும் மதிப்பது ஏற்றத்தை அன்று. பெரியே இன்னொரு குழாயை அடிவாரத்திலேயே நிறுத்தி, நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு துறவியை அமர்த்திவிட்டுச் சென்றார். காற்றழுத்தம் தானாகவே மாறியிருந்தால் அது அந்தக் கீழ்க்குழாயில் தெரிந்திருக்கும். அன்று அது அசையவில்லை. மேலே கண்ட இறக்கம் உயரத்தால் வந்ததே என்று அவர் உறுதியாகச் சொல்ல முடிந்தது அந்த இரண்டாவது குழாயால்தான். உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு குழாய். நல்லவேளையாக, மாலையில் முகாமுக்குத் திரும்பி மறுபடியும் பார்த்திருக்கிறீர்கள்; துறவி செய்த வேலையில் ஒரு பகுதியை அது செய்துவிட்டது.

உயரமானிக்குள் பதிந்திருக்கும் கணக்குக்கு அடிப்படையாக இருப்பது திட்ட வளிமண்டலம் என்று உலகெங்கும் ஒப்புக்கொண்ட ஒரு மாதிரி. கடல் மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு), வெப்பநிலை 15 பாகை செல்சியஸ். அங்கிருந்து 11 கிலோமீட்டர் வரை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 பாகை குறைகிறது என்று அது வைத்துக்கொள்கிறது. உண்மை வளிமண்டலம் இப்படி ஒரே சீராக இருப்பதில்லை. வெப்பநிலை இப்படிக் குறைந்துகொண்டே போகும் கீழடுக்கு துருவங்களில் எட்டு, ஒன்பது கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் பதினாறு, பதினேழு கிலோமீட்டர் வரை செல்லும். ஆயினும் எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரியைப் பின்பற்றுவதில் பயன் உண்டு: பிழை எந்தத் திசையில், எவ்வளவு வரும் என்று நம்மால் கணக்கிட முடிகிறது. காற்று கீழே அடர்ந்தும் மேலே நெகிழ்ந்தும் இருப்பதால் அழுத்தம் குறையும் வீதமும் உயரத்துக்கேற்ப மாறும். கடல் மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய ஏறக்குறைய 8.3 மீட்டர் ஏற வேண்டும். உங்கள் முகாமின் உயரத்தில் சுமார் 10 மீட்டர். கணவாயில் பத்தரை மீட்டருக்குச் சற்று அதிகம். ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்தில், வளிமண்டலத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நமக்குக் கீழே போய்விட்ட நிலையில், 14 மீட்டருக்கும் மேல்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். மாலை முகாமில் உயரமானி 28 மீட்டர் கூடுதலாகக் காட்டியது. முகாம் நகரவில்லை, எனவே காலைக்கும் மாலைக்கும் இடையே அழுத்தம் 2.8 ஹெக்டோபாஸ்கல் அளவு குறைந்திருக்கிறது. அழுத்தம் குறைந்தால் கருவி அதை ஏற்றம் என்றே எடுத்துக்கொள்ளும். அதற்கு வேறு வழி தெரியாது. இதே குறைவின் பெரும்பகுதி நீங்கள் பிற்பகலில் கணவாயில் நின்றபோதே நேர்ந்திருந்தது என்று கொண்டால், 2,495இலிருந்து 28ஐக் கழிக்க 2,467 வருகிறது. எஞ்சிய 7 மீட்டரைக் கருவியின் நுண்மைக் குறைவோ வெப்பநிலையோ எளிதாக விழுங்கிவிடும். ஆக, உங்கள் உயரமானி மிக ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. இதுவரை சொன்னது உறுதி.

அழுத்தம் ஏன் குறைந்தது என்பது அவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடியது அன்று. இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் கலந்தும் இருக்கலாம். முதலாவது, வளிமண்டலத்தின் அன்றாட ஏற்ற இறக்கம். சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் அழுத்தம் நாளுக்கு இருமுறை உயர்ந்து இருமுறை தாழ்கிறது: காலை பத்து மணியையும் இரவு பத்து மணியையும் ஒட்டி உச்சம், அதிகாலை நான்கையும் மாலை நான்கையும் ஒட்டித் தாழ்வு. வெப்பமண்டலத்தில் கடல் மட்டத்தருகே இந்த வீச்சு 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். துருவங்களை நோக்கிச் செல்லச்செல்ல அது சிறுத்துவிடும். நீங்கள் ஒன்பது மணிக்கு, உச்சத்துக்கு அருகில், கருவியைச் சரிசெய்து, தாழ்வு நேரத்தை ஒட்டி வாசித்திருக்கிறீர்கள். வெப்பமண்டலத்தில் இருந்திருந்தால் இது ஒன்றே முழு வேறுபாட்டையும் விளக்கிவிடும். இரண்டாவது காரணம், வானிலை உண்மையிலேயே மாறத் தொடங்கியிருப்பது. எந்த அட்சரேகை என்று நீங்கள் குறிப்பிடவில்லை; மலைப் பள்ளத்தாக்குகளில் பகல் வெப்பம் இந்த ஏற்ற இறக்கத்தின் அளவையும் நேரத்தையும் ஓரளவு மாற்றிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாலை வாசிப்பை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அன்றிரவு பத்து மணிக்கு மீண்டும் பார்த்திருந்தால் பிரித்திருக்கலாம். கருவி 1,945ஐ ஒட்டி இறங்கியிருந்தால் அது அன்றாட ஏற்ற இறக்கம். 1,980, 1,990 என்று ஏறிக்கொண்டே போயிருந்தால் மறுநாள் கணவாய்க்குப் போகும் எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. வெப்பமண்டலத்துக்கும் துருவங்களுக்கும் நடுவிலுள்ள பகுதிகளின் மலைகளில் இந்த எச்சரிக்கை நன்றாகப் பயன்படும். வெப்பமண்டலத்தில் புயல் நெருங்கும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் அன்றாட ஏற்ற இறக்கமே பெரிதாக இருப்பதால், ஒரே நேரத்தில் எடுத்த இரு நாள் வாசிப்புகளை ஒப்பிட்டால்தான் பொருள் கிடைக்கும்.

வெப்பநிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சூடான காற்று விரிந்து நிற்கும். குளிர்ந்த காற்று சுருங்கிக் கிடக்கும். ஆகவே குளிர்காலத்தில் அதே அளவு அழுத்தக் குறைவைக் குறைந்த ஏற்றத்திலேயே கடந்துவிடுவோம்; கருவியோ நாம் அதிகம் ஏறிவிட்டதாகச் சொல்லும். திட்ட வெப்பநிலையிலிருந்து ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறிய உயரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு பிழை வரும். உங்கள் ஏற்றம் 520 மீட்டர். காற்று திட்ட அளவைவிட 10 பாகை குளிர்ந்திருந்தால் கருவி 20 மீட்டர் கூட்டிக் காட்டியிருக்கும், அதே அளவு வெப்பமாக இருந்திருந்தால் 20 மீட்டர் குறைத்துக் காட்டியிருக்கும். 1,500 மீட்டர் ஏற்றத்தில் இது 60 மீட்டராகிவிடும். மலைகளுக்கு மேலே பறக்கும் விமானிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை: கடுங்குளிரில் உயரமானி காட்டுவதைவிட விமானம் உண்மையில் தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும். குளிர்ப்பகுதி விமான நிலையங்களில் தரையிறங்கும்போது அதற்கென்று திருத்தம் சேர்ப்பது விதி.

கைபேசியின் 2,410 முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. செயற்கைக்கோள்கள் நமக்கு மேலே மட்டுமே இருக்கின்றன. கீழேயுள்ளவற்றைப் பூமியே மறைத்துவிடுகிறது. அதனால் கிடைமட்ட இடத்தைவிட உயரத்தில் பிழை எப்போதும் அதிகம். குறுகிய பள்ளத்தாக்கில் வானத்தின் பாதி மறைந்திருந்தால் இன்னும் அதிகம். இதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. செயற்கைக்கோள் முறை உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவதில்லை. பூமிக்குப் பொருத்திய சீரான ஒரு நீள்கோளப் பரப்பிலிருந்து கணக்கிடுகிறது. உண்மைக் கடல் மட்டம் புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வுகளைப் பின்பற்றி அந்தப் பரப்புக்கு மேலும் கீழுமாக அலைகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது 100 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே கிடக்கிறது. நியூகினி அருகே 80 மீட்டருக்கும் அதிகமாக மேலே நிற்கிறது. நல்ல கருவிகள் இந்த வேறுபாட்டைத் திருத்தியே காட்டும். சில கைபேசிச் செயலிகள் திருத்தாமல் காட்டிவிடும். உங்கள் 50 மீட்டர் குறைவு இந்த இரண்டில் எதனால் வந்தது என்று அறிய எளிய வழி உண்டு. உயரம் தெரிந்த நான்கைந்து இடங்களில் நின்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தால் அது தொடக்கப் பரப்பின் வேறுபாடு. ஓரிடத்தில் 50 குறைந்து மற்றோரிடத்தில் 20 கூடினால் அது செயற்கைக்கோள் பிழை.

இத்தனை குறைகள் இருந்தும் உயரமானியை நான் பெரிதும் மதிக்கிறேன். மூடுபனியில் எதுவும் தெரியாத நேரத்தில் அது ஒரு கோட்டைத் தருகிறது: நீங்கள் 2,200 மீட்டர் சம உயரக் கோட்டில் எங்கோ இருக்கிறீர்கள். கூடவே நீங்கள் ஒரு பாதையிலோ, ஓடைக் கரையிலோ, கிளைமுகட்டின் மேலோ நடக்கிறீர்கள் என்பது தெரிந்தால், அந்தக் கோடும் இந்தக் கோடும் வெட்டும் இடமே நீங்கள் நிற்கும் இடம். பாதை சரிவை நேராக ஏறும் இடத்தில் வெட்டுப்புள்ளி கூர்மையாகக் கிடைக்கும். உயரத்தில் 10 மீட்டர் தவறினாலும் தாளில் அரை மில்லிமீட்டர்தான் நகர்வீர்கள். பாதை சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் செல்லும் இடத்தில் உயரமானியால் பயனில்லை; ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் எண் மாறாது. அங்கே திசைகாட்டிதான் துணை. இந்த முறைக்கு ஒரே நிபந்தனை, உயரம் ஐயமின்றித் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும், அதாவது கணவாய், ஓடைகள் கூடும் இடம், பாலம் போன்றவற்றில், நின்று கருவியைத் திருத்திக்கொள்வது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திருத்துபவருக்கு நாளின் அழுத்த மாற்றம் ஒரு பொருட்டே அன்று. திருத்தும் ஒவ்வொரு முறையும் பழைய எண்ணையும் குறித்துவையுங்கள். வானிலைச் செய்தி அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வானிலை வரைபடத்தில் வளைந்து செல்பவை, ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் சம அழுத்தக் கோடுகள்; பார்வைக்கு அவை சம உயரக் கோடுகளைப் போன்றவை. வாசிப்பும் ஓரளவு ஒத்ததே. மூடிய வளையங்கள் நடுவில் உயர் அழுத்தத்தையோ தாழ்வழுத்தத்தையோ காட்டும்; கோடுகள் நெருங்கினால் அழுத்தச் சரிவு கடுமை, காற்றும் கடுமை. ஆனால் மலைச்சரிவில் நீர் ஓடுவதுபோல் காற்று உயர் அழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்கு நேராக இறங்கும் என்று எண்ணினால் திசை முற்றிலும் தவறிவிடும். பூமி சுழல்வதால் காற்று வடகோளத்தில் வலப்பக்கமும் தென்கோளத்தில் இடப்பக்கமும் விலகுகிறது. முடிவில் அது கோடுகளைக் குறுக்கே வெட்டாமல் அவற்றை ஒட்டியே ஓடுகிறது, தரையருகே உராய்வால் சற்றே தாழ்வழுத்தப் பக்கம் சாய்ந்து. 1857இல் டச்சு வானிலையாளர் பைஸ் பலோட் வகுத்த விதி இதைக் கைக்கடக்கமாகத் தருகிறது: வடகோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். தென்கோளத்தில் வலப்பக்கம். நிலநடுக்கோட்டை நெருங்கும்போது இந்த விலக்கம் மங்கிவிடுவதால் விதி தளர்ந்துவிடும். குறுகிய பள்ளத்தாக்கிலும் இதை நம்ப வேண்டாம், அங்கே காற்றின் திசையைத் தீர்மானிப்பவை இருபுறத்து மலைச்சுவர்கள்.

மலையில் நடப்பவருக்கு நாளிதழில் வரும் அழுத்த வரைபடத்தில் இன்னொரு குறை உண்டு. அதிலுள்ள அழுத்தங்கள் எல்லாம் கடல் மட்டத்துக்கு மாற்றி எழுதப்பட்டவை. அப்படி மாற்றாவிட்டால் மலை நிலையங்கள் எல்லாம் நிரந்தரத் தாழ்வழுத்தங்களாகத் தெரியும் என்பதால் அது தேவைதான். ஆனால் 3,000 மீட்டர் பீடபூமியில் அளந்த அழுத்தத்தைக் கடல் மட்டத்துக்கு மாற்றுவது, அங்கே பாறை இருக்கும் இடத்தில் காற்று இருப்பதாகக் கற்பனை செய்து, அதன் வெப்பநிலையையும் ஊகித்துப் போடும் கணக்கு. உயர்ந்த மலைத்தொடர்களுக்கு மேலே அந்தக் கோடுகள் காட்டும் நெளிவுகளில் எவ்வளவு வானிலை, எவ்வளவு கணக்கின் விளைவு என்று சொல்வது கடினம்.

அதனால் உங்கள் கணவாய் போன்ற இடங்களுக்கு வானிலையாளர்களின் மேல்வளி வரைபடத்தைப் பாருங்கள் என்று பரிந்துரைப்பேன். பல வானிலைத் துறைகள் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. அவை ஓர் உயரத்தில் உள்ள அழுத்தத்தைக் காட்டுவதில்லை. ஓர் அழுத்தம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. 700 ஹெக்டோபாஸ்கல் வரைபடத்தில் உள்ள கோடுகள் அந்த அழுத்தப் பரப்பின் சம உயரக் கோடுகள். திட்ட வளிமண்டலத்தில் அது ஏறக்குறைய 3,000 மீட்டரில் இருக்கும். தலப்படம் வாசிக்கத் தெரிந்தவர் இதையும் வாசிக்கலாம்: மேடுகள், பள்ளங்கள், நீண்ட முகடுகள் எல்லாம் இதிலும் உண்டு, காற்று அவற்றை ஒட்டி ஓடுகிறது என்ற ஒரு வேறுபாட்டோடு. உங்கள் இடத்துக்கு மேலே அந்தப் பரப்பின் உயரம் இன்று காலைக்கும் நாளைக் காலைக்கும் இடையே 30 மீட்டர் தாழும் என்று முன்கணிப்பு வரைபடம் காட்டினால், நாளைக் காலை அதே நேரத்தில், முகாமில் படுத்தபடியே நீங்கள் பார்க்கும் உயரமானி ஏறக்குறைய 30 மீட்டர் ஏறியிருக்கும்.